மைக் தாஸும் பக்கத்து வீட்டு நெட்டும்

சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து ஊர்களில் ஞானதாஸின் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவிப்புச் செய்தவர். கண் முகாம், மாடுகளுக்குத் தடுப்பூசி, ரேஷன் கடையில் கைரேகை, மாதா கோயில் தேர், அம்மன் கோயில் தீமிதி, எதுவானாலும் "அன்பார்ந்த பொதுமக்களே" என்று மைக் தாஸ் ஆரம்பித்தால்தான் ஜனம் நம்பும். நோட்டீஸில் ஒரு தேதி இருந்து அவர் வேறு தேதி சொன்னால், அவர் சொன்ன தேதிக்குத்தான் கூட்டம் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊருக்கெல்லாம் தொண்டை கிழியப் பேசுகிற மனிதர் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். "ஊருக்கே கத்திட்டு வந்து வூட்ல ஊமையாட்டம் குந்திக்கினு கீறாரு" என்று மனைவி மலர்க்கொடி சலித்துக்கொள்வாள். ஆனால் கழனியில் நடவு நட்டுக்கொண்டிருக்கும்போது தூரத்தில் அந்தக் குரல் கேட்டுவிட்டால், "மணி பதினொண்ணு ஆவுது, சாலவாக்கம் ரோட்டுக்கு வந்துட்டாரு" என்று முதலில் சொல்வதும் அவள்தான். நடவுக்காரப் பெண்கள் யாரும் வாட்ச் கட்டுவதில்லை. அவர்களுக்கு நேரம் சொன்னது ஞானதாஸின் குரல்தான்.

போன ஆடி மாதம் ஒரு காலையில், டீ டம்ளரை எடுக்கப் போன அவருடைய வலது கை எடுக்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தார். கால் பிழைத்துக்கொண்டது, கையும் முக்கால்வாசி திரும்பி வந்தது. நாக்குதான் வரவில்லை. மனசில் வார்த்தை முழுசாக நிற்கும், வாய்க்கு வருவதற்குள் கஞ்சியாகிவிடும். அதிலும் நடுவில் 'ர' வருகிற நீளமான வார்த்தை என்றால் தொலைந்தது. தினம் பத்துத் தரம் மைக்கில் சொன்ன உத்திரமேரூர், இப்போது 'உத்தி' என்பதோடு நின்றுவிடும்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா மலர்க்கொடியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க எடுத்துக் கொடுக்காதீங்கம்மா." ஆகிற காரியமா அது? அவர் "தண்" என்பதற்குள் சொம்பு நீட்டப்படும். "செ" என்றால் செருப்பு காலடியில் இருக்கும். கட்டினவர் ஒரு வார்த்தைக்காக மூச்சு முட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் ஒரு நாள் முழுவதிலும் ஒரு வார்த்தையைக்கூட முழுசாகச் சொல்ல வேண்டிய அவசியம் ஞானதாஸுக்கு இல்லாமல் போயிற்று.

ஆட்டோவும் மைக் செட்டும் ஜான்சனுடையவை. மருமகன் முறை, நல்ல பையன், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. புரட்டாசியில் ஒரு நாள் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"மாமா, பொங்கல் முடிஞ்சி உத்திரமேரூர்ல கண் முகாம் கீது. நீ வந்தியானா உன் கொரலு. இல்லாங்காட்டி மெட்ராஸ்ல யாரோ பேசி போன்ல அனுப்பறாங்களாம், அத்த ஓட வுட்டுக்கினு போயிடுவேன். இன்னா சொல்ற?"

ஞானதாஸ் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று ஜான்சனுக்குப் புரியவில்லை. போனில் வரும் குரல் ஒரு தரம் ஆட்டோவில் ஏறிவிட்டால் பிறகு இறங்காது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர்கள் மகள் ஏஞ்சலுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் நடத்திய குலுக்கலில் அவளுக்கு ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் விழுந்தது. தேங்காய் அளவில் உருண்டையாக இருக்கும், பேசினால் பதில் பேசும். லீவில் அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

"வூட்ல வைஃபை பொட்டியே இல்ல. இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்று மலர்க்கொடி கேட்டாள்.

நியாயமான கேள்வி. அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் அந்தப் பெட்டி கிடையாது. கேபிள் இழுத்தவர்கள் மெயின் ரோட்டோடு திரும்பிப் போய்விட்டார்கள், தெருவுக்குள் வர அவர்களுக்கு என்ன வேண்டுதல்? ஏஞ்சல் அசரவில்லை. அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டாள். தன் போனில் ஆப்பைத் திறந்து, அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஸ்பீக்கருக்குச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் ஒரே போனில் இரண்டு வேலையையும் செய்யப் பார்த்து அரை மணி நேரம் மல்லுக்கட்டியது தனிக்கதை. கூப்பிடுகிற பெயராக 'கம்ப்யூட்டர்' என்று வைத்தாள். "கம்ப்யூட்டர் மூலம் கண் பரிசோதனை" என்று அப்பா மைக்கில் ஆயிரம் தரம் சொன்ன வார்த்தை அது.

"நைனா, கம்ப்யூட்டர்னு கூப்டு. அப்பறம் வெதர் உத்திரமேரூர்னு கேளு. அதுக்கு உன்ன யாருன்னே தெரியாது. நீ ஒயுங்கா சொல்ற வரைக்கும் அது அசையாது."

நாலாவது தரம் கூப்பிட்டபோது நீல விளக்கு எரிந்தது. "வெதர்... உத்தி..." என்று நின்றுபோனார். அது இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டு, புரியவில்லை என்றது. மறுபடி சொன்னார். மறுபடி மன்னிப்பு. அது உச்சுக்கொட்டவில்லை, "பரவால்ல வுடு" என்று சொல்லவில்லை. மூன்று மாதத்தில் முதல் முறையாக, அவர் பேச்சைக் கேட்டு ஒருவரும் கண் கலங்கவில்லை. அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

திங்கட்கிழமை ஏஞ்சல் ஒரகடத்துக்குப் போனாள். மலர்க்கொடி போனை இடுப்பில் செருகிக்கொண்டு கழனிக்குப் போனாள். போனோடு நெட்டும் போயிற்று. ஸ்பீக்கர் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு முறைத்தது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் வழியில்லை, வேலைக்கு ஆள் கூப்பிடுகிற சிட்டம்மாள் அந்தப் போனில்தான் கூப்பிடுவாள். ஞானதாஸிடம் இருந்த பட்டன் போனில் நெட் கிடையாது.

மிச்சம் இருந்தது சாயங்காலம். சாயங்காலத்தில் மலர்க்கொடி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவர் "வெதர்... உத்தி" என்பதற்குள், "உத்திரமேரூர்!" என்று இவள் சொல்லிவிடுவாள். அந்த நன்றிகெட்ட கம்ப்யூட்டரும் இவளுக்கே பதில் சொல்லிவிடும். முப்பது டிகிரி, மேகமூட்டம். ஞானதாஸ் எழுந்து வெளியே போய்விடுவார்.

விஷயம் ஏஞ்சலுக்குத் தெரிந்தபோது அவள் பக்கத்து வீட்டு வளர்மதிக்குப் போன் போட்டாள். வளர்மதி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவள், பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"அத்த, உன் போன்ல ஹாட்ஸ்பாட் பேர அம்மாவுது மாதிரியே மாத்திடு. பாஸ்வேர்டும் அதே போடு. அந்த ஸ்பீக்கருக்குப் பேரும் பாஸ்வேர்டும்தான் தெரியும். யார் போனுன்னு தெரியாது."

மறுநாள் பதினொரு மணிக்கு, வேறு யாரும் இல்லாத வீட்டில், ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கு தானாக அணைந்தது. ஞானதாஸ் "கம்பூட்டர்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். நீல விளக்கு எரிந்தது. மலர்க்கொடியும் போனும் கழனியில். பிறகு நெட் எங்கிருந்து வந்தது? யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. சுவரைப் பார்த்தார். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

நெட் வருகிற வழியில் காதும் வரும் அல்லவா? சொந்த வீட்டில் ஒரு பெட்டி இருந்தால் தன் திக்கலும் திணறலும் தன் வீட்டோடு போகும். மைக் தாஸின் குரல் குழறுவதைப் பெண்டாட்டி கேட்கலாம், மகள் கேட்கலாம். தெரு கேட்கக் கூடாது. இரண்டு நாள் அவர் ஸ்பீக்கர் பக்கமே திரும்பவில்லை.

வளர்மதி ஒன்றும் மண்டு இல்லை. மூன்றாம் நாள் ஹாட்ஸ்பாட்டைப் போட்ட கையோடு தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். தடதடவென்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற சத்தம். அவள் வேலையில் இருக்கிறாள், நம் பேச்சு காதில் விழாது என்று ஞானதாஸுக்குத் தைரியம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பித்தார். வெதர் உத்தி. மன்னிப்பு. வெதர் உத்தி. மன்னிப்பு. ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தரம். நாலு நாள் இப்படி ஓடியது.

ஐந்தாம் நாள் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். இருபத்திரண்டு வருஷம் மைக் செட்டோடு வாழ்ந்த காது அது. துணி மேல் ஓடுகிற மிஷினின் சத்தம் வேறு. மடிப்பு வந்தால் திணறும், துணியைத் திருப்பும்போது நிற்கும். இது நிற்கவே இல்லை. துணி இல்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்க, இந்தப் பெண் தனக்காக நாலு நாளாக வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள்!

அவருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சுவரண்டை போய் இடது கையால் தட்டினார். மிஷின் நின்றது.

"வளர்... மதி. துணி... இல்லாம... ஓட்டாத." மூச்சு வாங்கினார். "மிசினு... கெட்டுடும்."

ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நடுவில் சுவர் இருந்ததால் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்தார்.

 அந்தப் பக்கமிருந்து வளர்மதியின் குரல் வந்தது. "சரிண்ணா, ஓட்டல. நீயும் அந்த ஊரு பேர முழுசா சொல்லித் தொலை. இன்னிக்கி மய வருமா வராதான்னு தெரிஞ்சிக்க நாலு நாளா காத்துக்கினு கீறேன். துணி காயப் போடணும்."

ஞானதாஸ் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

அதற்கப்புறம் ரகசியம் என்று ஒன்றும் இல்லை. வளர்மதி நூல் வாங்க டவுனுக்குப் போகிற நாட்களில் எதிர்வீட்டு சுகிர்தா அதே பெயரில் ஹாட்ஸ்பாட் போட்டாள். அவளைப் பார்த்து இன்னொரு வீடு. கிறிஸ்துமஸுக்குள் அந்தத் தெருவில் ஐந்து போன்களுக்கு ஒரே பெயர். பாஸ்வேர்டு தெருவுக்கே தெரிந்த பிறகு ஜனம் சும்மா இருக்குமா? ஒரு நாள் காலை பத்து மணிக்கே சுகிர்தாவின் அன்றைய நெட் காலி. "என் நெட்ட எவ குடிச்சா?" என்று அவள் நடுத்தெருவில் நின்று கேட்க, பெரிய பேஜாராகிவிட்டது. பண்டிகைக்கு வந்த ஏஞ்சல்தான் வீடு வீடாகப் போய், ஒரு போனிலிருந்து ஒரே ஒரு சாமானுக்குத்தான் நெட் போகும் என்று அளவு வைத்துவிட்டுச் சண்டையைத் தீர்த்தாள்.

பண்டிகை முடிந்த மறு வாரம் அது நடந்தது. "கம்ப்யூட்டர். வெதர். உத்தி... ர... மே... ரூர்." ஸ்பீக்கர் இரண்டு விநாடி யோசித்தது. பிறகு இங்கிலீஷ்காரத் தொனியில் உத்திரமேரூர் என்று திருப்பிச் சொல்லி, இருபத்தெட்டு டிகிரி, மழை இல்லை என்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வளர்மதி போட்ட கூச்சலில் சுகிர்தா வெளியே ஓடி வந்தாள்.

சாயங்காலம் வளர்மதி மலர்க்கொடியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் முழுசா சொல்லிட்டாரு அண்ணி. நீதான் வுட மாட்டேன்ற."

"அப்போ நான்தான் அவரு வாய அடைக்கிறனா?" என்று கேட்ட மலர்க்கொடிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "அவரு தெணர்றத என்னால பாக்க முடியலடி."  மலர்க்கொடி அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

பொங்கல் முடிந்தது. நவரைப் பட்டத்துக்கு நடவு ஆரம்பித்திருந்தார்கள். ஜான்சன் மெட்ராஸ் குரலைப் போனில் ஏற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவோடு வந்தான். ஞானதாஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறி உட்கார்ந்து மைக்கை இடது கையில் வாங்கினார். மலர்க்கொடி அதற்கு முன்பே கழனிக்குப் போய்விட்டிருந்தாள். வேண்டுமென்றேதான் போனாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாலவாக்கம் ரோட்டுப் பக்கமிருந்து முதலில் ஒரு கரகரப்பு, பிறகு குரல்.

"அன்பார்ந்த... பொதுமக்களே."

சேற்றில் குனிந்திருந்த பத்துப் பெண்களும் நிமிர்ந்தார்கள். பழைய வேகம் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக வைத்து வைத்து வந்தது. ஆனால் அதே குரல்.

"வருகிற... ஞாயிற்றுக்கிழமை... காலை ஒன்பது மணிக்கு. கம்ப்யூட்டர் மூலம்... இலவச... கண் பரிசோதனை. இடம்... உத்தி..."

நின்றுபோயிற்று. ஸ்பீக்கர் குழாயின் இரைச்சல் மட்டும் கழனி மேல் பரவியது. சிட்டம்மாள் மலர்க்கொடியைப் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஊர்ப் பெயர் அவள் நாக்கு நுனியில் நின்றது. இங்கிருந்து கத்தினால்கூட அவருக்குக் கேட்காது, இருந்தாலும் அது வெளியே வரத் துடித்தது. ஜான்சன் சொன்ன அந்த மெட்ராஸ் குரலும் அவள் நினைவுக்கு வந்தது. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். கையில் இருந்த நாற்று முடி நசுங்கியது.

"உத்திரமேரூர்" என்றது குரல்.

அப்புறம் நிற்கவில்லை. "உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில்." மூச்சு வாங்கிக்கொண்டு, "உத்திரமேரூர்" என்றது மறுபடியும்.

"இன்னாடி மலரு," என்று சிட்டம்மாள் கேட்டாள், "உன் வூட்டுக்காரரு ஒரு ஊரையே திருப்பித் திருப்பி சொல்லிக்கினு போறாரு?"

"சொல்லட்டும் வுடு. ஆறு மாசமா சொல்லாத ஊரு" என்றாள் மலர்க்கொடி. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "மணி பதினொண்ணு ஆவுது."