நாலு கிலோவுக்குள் ஒரு மலை

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "துணிக்குக் கனம் சேக்கிறேன்" என்பாள் என் மனைவி. திரைச்சீலைக் கடையில் தையல் வேலை. ஜன்னல் திரை பறக்காமல் நேராகத் தொங்க, கீழ் ஓரத்தை மடித்து, உள்ளே சின்னச் சின்ன ஈயத் துண்டுகளை வைத்துத் தைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் கை அதைத்தான் செய்கிறது. அப்படிப்பட்டவள் போன வருஷம் கனத்தின் மேல் போர் தொடுத்தாள்.

காரணம் அவள் தங்கை. வருஷம் ஒருமுறை அக்காவும் தங்கையும் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறுவார்கள். மேலேயே கூடாரம் போட்டுத் தூங்குவார்கள். தங்கைக்கு முதுகில் ஆபரேஷன் ஆயிற்று. நடக்கலாம், நாலு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அவள் கடையில் வாங்கிய முதுகுப் பை காலியாகவே அதில் பாதி இருந்தது.

"உன் மூட்டையையும் நானே தூக்குறேன்டி."

"அப்படின்னா நான் வரவே இல்லக்கா. நீ மட்டும் போ."

என் மனைவி விடுவாளா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். பாராசூட் துணி வந்து இறங்கியது. சாப்பாட்டு மேஜை தையல் மேஜையானது; நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புதுப் பைக்கு ஜிப் கிடையாது, கயிறுதான். குளிருக்குப் போர்த்தும் மெத்தைப் பையில் முதுகுப் பக்கமே கிடையாது. "படுத்தா அமுங்கிப் போற பஞ்சு எதுக்குங்க?" குளிர்பான டப்பாவை வெட்டி அடுப்பு செய்தாள். பல் துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக அறுத்தாள். அறுபட்டது என்னுடையது என்று காலையில்தான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, "ஏங்க, குறைஞ்சிருச்சு!" என்று குதிப்பாள். எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. ஆபீஸில் ஸ்டேப்ளரைக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகக் கூடாரம். வீட்டு மெஷின் மக்கர் பண்ணியதால் ஓரத்தை மட்டும் கடையில், மதிய இடைவேளையில் அடித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை கிளம்ப வேண்டும். தங்கை வந்தாள். எல்லாவற்றையும் பையில் அடைத்து, கொக்கித் தராசில் தொங்கவிட்டோம்.

நாலரை.

தங்கை ஸ்வெட்டரை எடுத்து வெளியே வைத்தாள். "விறைச்சுப் போயிடுவ" என்று அக்கா அதைத் திரும்ப உள்ளே திணித்தாள்.

"விடுக்கா. இவ்வளவு பண்ணினதே போதும்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. தராசின் மேல் இருந்த ஆத்திரத்தில் கூடாரத்தைப் பையிலிருந்து உருவி மேஜைமேல் வீசினேன். டொக் என்றது.

துணி எங்கேயாவது டொக் என்னுமா?

மனைவி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். கூடாரத்தின் சுற்றோரம் முழுக்க ஈயத் துண்டுகளை வரிசையாக வைத்துத் தைத்திருந்தாள்.

"அதான்... அவ்வளவு அழகா தொங்குச்சு" என்றாள்.

தங்கை முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிளேடால் தையலைப் பிரிக்கப் பிரிக்க ஈயம் தரையில் சடசடவென்று கொட்டியது. மறுபடி தொங்கவிட்டோம். நாலுக்குக் கீழே! நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

தனக்கென்று எதையும் தைக்க என் மனைவிக்கு நேரமில்லை. யானைக் கனம் கனக்கும் பழைய பையையே சுமந்துகொண்டு போனாள்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

"மாமா! உச்சிக்கு வந்துட்டேன் மாமா!"

"முதுகு எப்படி இருக்கு?"

"முதுகா? அது இருக்கிறதே மறந்துபோச்சு!"

"உங்க அக்கா எங்கே?"

"ரெண்டு வளைவு கீழே நிக்கிறா, மூச்சு வாங்கிக்கிட்டு."

கொஞ்ச நேரத்தில் போன் கை மாறியது. பயங்கரமான இரைப்பு.

"ஏங்க... என்னை அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டா இவ!"

கல்யாணமான நாளிலிருந்து இவளுடைய புகார்களைக் கேட்டு வருகிறேன். இவ்வளவு சந்தோஷமான புகாரை ஒருநாளும் கேட்டதில்லை.