ஃபிர்மின் சுரண்டிய சுவர்

ஃபிர்மின் யார் என்று இந்தத் தெருவில் இப்போது யாரைக் கேட்டாலும், "கத்தியோட வந்து நம்ம சுவரை நாசம் பண்ணினானே, அந்தக் கிழவனா?" என்பார்கள். நேற்று வந்த பயல்கள்! என் பெயர் லீவெ, முப்பத்தைந்து வருஷமாக இங்கே பார் நடத்துகிறேன். அவன் கடை எனக்கு நேர் எதிரே இருந்தது. அவனைப் பற்றிப் பேச எனக்கு வாய் இருக்கிறது.

அவன் ஆண்களுக்குப் பெண்கள் செருப்பு விற்றவன். கண்ணாடி அலமாரியில் கறுப்பும் பழுப்புமாக, பார்த்தால் தூக்கம் வருகிற ஷூக்கள். திரையை விலக்கி உள்ளே போனால் சிவப்பு, வெள்ளி, பாம்புத்தோல் என்று ஹை ஹீல்ஸ், எல்லாம் ஆம்பளைக் கால் அளவில். பெல்ஜியத்தின் பல ஊர்களிலிருந்து ஆன்ட்வெர்ப் ஸ்டேஷனில் வந்து இறங்கி, தலையைக் குனிந்துகொண்டே எங்கள் தெருவுக்கு வருவார்கள். போஸ்ட்மாஸ்டர், கணக்கு வாத்தியார், ஒரு பாதிரியார்கூட உண்டு. வாங்கிய செருப்பை வீட்டுக்கு எடுத்துப்போக முடியுமா? அவன் கடையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். மாதம் ஒரு தடவை வந்து, உள்ளறையில் போட்டுக்கொண்டு நடப்பார்கள், காபி குடிப்பார்கள், கழற்றிவிட்டு ரயிலைப் பிடிப்பார்கள்.

பெயர் கேட்க மாட்டான். ரசீது கிடையாது, போட்டோ கிடையாது. ஒரு பெயர் ஒரு துண்டுக் காகிதத்தில் அகப்பட்டால் ஒருத்தனுக்கு வேலையும் குடும்பமும் போன காலம் அது. புதிதாக வந்தவன் கைகுலுக்கித் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தால், "பேரு எதுக்குடி மகளே? காலைக் காட்டு, போதும்" என்பான். அறுபது வயது பாதிரியாரும் அவனுக்கு மகளேதான்.

அப்புறம் அந்த எய்ட்ஸ் நோய் வந்தது. ஒருத்தர் ஒரு மாதம் வரவில்லை, இரண்டு மாதம் வரவில்லை என்றால் ஃபிர்மின் அவருடைய செருப்பு ஜோடியை எடுத்து மேல் தட்டில் வைத்துவிடுவான். நோய் ஓய்ந்த பிறகு வயசு வந்து கொண்டுபோனது. மேல் தட்டு நிறைந்தது, அடுத்த தட்டும் நிறைந்தது. சொந்த ஊரில் அவர்களைக் கோட்டு சூட்டு மாட்டி, நல்ல அப்பா, நல்ல கணவன் என்று சொல்லிப் புதைத்திருப்பார்கள். அவர்கள் வேறொன்றாகவும் இருந்தார்கள் என்பதற்கு இந்த உலகத்தில் அந்தச் செருப்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அவன் துடைக்கும்போது நான் போய் உட்கார்ந்திருப்பேன். "இவளுக்கு வலது கால் கொஞ்சம் சாயும், குதி தேய்ஞ்சிருக்கு பாரு. இவ காபியைக் கொட்டிட்டு அழுதா." கறை, தேய்மானம், மடிப்பு. அவனுக்கு அதுதான் முகம்.

ஆணை விரும்பும் ஆண்கள் ஒளிந்து வந்துபோன தெரு மாறியது. புத்தகக் கடை போய் செல்போன் உறை விற்கும் கடை வந்தது. தோல் உடுப்புக்காரன் இருந்த இடத்தில் வாஃபிள் பலகாரக் கடை. நீராவிக் குளியல் ஹோட்டலாயிற்று. ஆகஸ்டில் பிரைடு ஊர்வலம் வந்தால் எல்லாக் கடையிலும் அவர்களுடைய வானவில் கொடி, செப்டம்பரில் சுருட்டி உள்ளே. கடைசியில் ஃபிர்மினின் கட்டடத்தையும் விற்றுவிட்டார்கள். ஓட்டப் பந்தய ஷூ விற்கும் பெரிய கம்பெனி வந்தது. அவன் விற்ற ஹீல்ஸை இப்போது எவன் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்த்து வரவழைக்கலாம் என்பதால் அவனும் மல்லுக்கு நிற்கவில்லை. "கடை போனா போகட்டும் லீவெ. மேல் தட்டுப் பொண்ணுங்களை எங்கடி கொண்டுபோவேன்?" என்றுதான் புலம்பினான். முதியோர் விடுதியில் அவனுக்குக் கொடுத்தது ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும்.

அப்போதுதான் நகராட்சி அனுப்பி தைஸ் வந்தான். சிற்பி. சின்ன வயது, நல்ல பையன். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். தெருவின் நினைவாக ஒரு கலைச் சின்னம் வைக்கப் போகிறார்களாம். "சார், அந்தச் செருப்புகளை எல்லாம் மூலையில இருக்கிற மொட்டைச் சுவர்ல பதிச்சுடலாம். மழைக்கும் வெயிலுக்கும் தாங்கற மாதிரி. நூறு வருஷம் நிக்கும்" என்றான்.

ஃபிர்மினுக்குக் கண் கலங்கிவிட்டது. "பேரு கேக்கக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. பாக்கறவன் எவனுக்கும் இது இன்னாரோடதுன்னு அடையாளம் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றான். பையன் சத்தியம் செய்தான். பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போனான்.

திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் பாருக்கு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும், பக்கத்து ஊர் மெக்கெலன்காரி. க்ரீட் என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயரை நான் சொல்ல மாட்டேன். செருப்புக் கடைக்காரர் எங்கே என்று கேட்டாள், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஃபிர்மினைக் காட்டினேன்.

"அம்மா போன மாசம் இறந்துட்டாங்க" என்றாள். "சாகறதுக்கு முன்னாடி சொன்னாங்க. அப்பா மாசாமாசம் முதல் சனிக்கிழமை எங்க போறார்னு அவங்களுக்கு எப்பவும் தெரியுமாம். ஒரு தடவை ரயில்ல பின்னாடியே வந்து உங்க கடை வாசல்ல நின்னுட்டுத் திரும்பிட்டாங்களாம். அப்பா போய் எத்தனையோ வருஷமாச்சு. அவர் பொருள் ஏதாவது இருக்கா?" அப்பா பெயரைச் சொல்லி அவர் போட்டோவை நீட்டினாள்.

வேறு யார் கேட்டிருந்தாலும், "எந்த அப்பா? தெரியாதும்மா" என்று சொல்லியிருப்பான். ஆனால் அந்த மனுஷர் அவனிடம், என் மனைவி உயிரோடு இருக்கிற வரைக்கும் யாரிடமும் சொல்லாதே என்று கேட்டிருந்தார். அந்த அம்மா போய்விட்டாள். ஃபிர்மின் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாம்பல் கலர். இடது செருப்புல சுண்டுவிரல் பக்கம் ஒரு கீறல் இருக்கும். அவரே கத்தியால வெட்டிக்கிட்டார், கால் ஆணி குத்துதுன்னு."

"ஆமா, ஆணி! ராத்திரியானா வெந்நீர்ல காலை வெச்சுட்டு உக்காந்திருப்பார்" என்று அவள் சிரித்தாள், உடனே அழுதாள்.

"விழாவுக்கு வாம்மா. என் கையாலேயே தொட்டுக் காட்டறேன்."

அந்த இரண்டு வாரமும் அவன் பேச்செல்லாம் அதுதான். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தரைச் சொந்தக்காரியிடம் ஒப்படைக்கப் போகிறான். புதுச் சட்டை வாங்கினான்.

விழா அன்று பாட்டு, பேச்சு எல்லாம் முடிந்து சுவரை மூடியிருந்த துணியை இழுத்தார்கள். கூட்டம் ஓவென்று கத்தியது. செருப்பு எல்லாம் இருந்தது. வரிசை வரிசையாக, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. மடிப்பு, கீறல் எல்லாவற்றையும் தைஸ் பூசி அடைத்து, தேய்த்து வழவழப்பாக்கி, உள்ளே சிமெண்ட் கொட்டி, மேலே கெட்டியாகச் சாயம் அடித்திருந்தான். அச்சில் வார்த்த பொம்மைகள் மாதிரி பளபளவென்று நின்றன.

க்ரீட் பக்கத்தில் வந்து நின்றாள். "எது?" என்றாள்.

ஃபிர்மின் சுவருக்குப் பக்கத்தில் போனான். ஒவ்வொன்றாகத் தடவினான். கீறலைத் தேடி அவளும் எட்டின வரைக்கும் தடவினாள். செல்போனைத் தூக்கிப் பிடித்த ஒருத்தி, "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? போட்டோ எடுக்கணும்" என்றாள்.

நான் தைஸைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். "என்னடா பண்ணி வெச்சிருக்க, பாவி?"

பையன் என்னையும் ஃபிர்மினையும் மாறி மாறிப் பார்த்தான். "அவர்தானே அக்கா சொன்னார், யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதுன்னு?"

ஃபிர்மின் அவனைப் பார்த்து, "ஆமாப்பா. நான்தான் சொன்னேன்" என்றான். க்ரீட்டைப் பார்க்க அவனுக்கு முகமில்லை.

மறுநாள் காலை என் கடையைத் திறக்கும்போது மூலையில் கூச்சல். ஓடினேன். செருப்புத் தோல் சீவுகிற கத்தியோடு ஃபிர்மின் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கீழ் வரிசையில் ஒரு பச்சையைச் சுரண்டி முடித்து, பக்கத்து நீலத்தில் பாதி வந்திருந்தான். வாஃபிள் கடைப் பையன்கள் சுற்றி நின்று படம் பிடித்தார்கள். "எங்களைக் கண்டா உனக்கு அவ்வளவு வெறுப்பாய்யா, கிழட்டு நாயே?" என்று ஒருத்தன் அவன் கையை முறுக்கினான். எங்களை, என்றான்! இவர்கள் பொறக்கும் முன்பே இந்தத் தெருவில் எத்தனை பேருக்குக் கால் அளந்தவனிடம்!

"விடுடா அவனை! யாருன்னு தெரியுமாடா?" என்று நான் போட்ட சத்தத்தைக் கேட்க ஆளில்லை. போலீஸ் வந்து ஏன் செய்தாய் என்று கேட்டது. காரணம் சொன்னால் யாருடைய செருப்பு என்று சொல்ல வேண்டும். க்ரீட்டின் அப்பா பெயர் போலீஸ் காகிதத்தில் ஏறும், அங்கிருந்து பத்திரிகைக்குப் போகும். ஃபிர்மின் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் தெரு முழுக்கக் கொடியோடு ஊர்வலம் போனது, வெறுப்புக்கு எதிராக. நான் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன் அவனிடம்.

"சொன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். அது அவங்க பேருடி, உன்னுதா என்னுதா?" என்றான். பச்சையில் கீறல் இல்லை, அது வேறு யாருடையதோ என்று மட்டும் சொன்னான். சுரண்டின இடத்தில் நகராட்சி இன்னும் கெட்டியாகச் சாயம் பூசியது. பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடும் வந்தது: வெறுப்பு இதைத் தாக்கியது, அன்பு இதை மீட்டது.

அவன் அதற்கப்புறம் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. நான்தான் விடுதிக்குப் போவேன். போன குளிர்காலத்தில் செத்துப்போனான். அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன், அந்த மனுஷர் பெயரை மட்டும் விட்டுவிட்டு.

அடக்கத்துக்கு விடுதி ஆட்களை விட்டால் நானும் க்ரீட்டும்தான். தெருவிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. வெளியே வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு அவர் சுரண்டினது எனக்காகத்தானே? கண்டுபிடிச்சாரா?"

ஃபிர்மினாக இருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பான், இல்லை வாயை மூடியிருப்பான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு இரண்டும் முடியவில்லை. "கண்டுபிடிச்சார்" என்றேன்.

"எது?"

"கீழ் வரிசை. அந்தப் பச்சை." வாயில் வந்தது அதுதான்.

இப்போது மாதாமாதம் முதல் சனிக்கிழமை மெக்கெலனிலிருந்து ரயிலில் வருகிறாள். பச்சைச் செருப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அதைத் தொட்டுக்கொண்டு அப்பாவிடம் பேசுகிறாள். முடிந்ததும் என் பாருக்கு வந்து காபி குடிக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிக் கொடுக்கிறேன்.