கவுண்டர் உயரத்தில் ஒரு பாத்தி

என் வீட்டுக்காரர் எதையும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார். கல்யாணமான புதிதில், பூண்டு ரசமா தக்காளி ரசமா என்று கேட்டேன். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்றார். என்மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு தீபாவளிக்கு, அவர் வேலை செய்த தி. நகர் ஜவுளிக்கடைக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தேன். அதே வார்த்தையை அதே குரலில் சேலை எடுக்க வந்த எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தச் சரக்கையும் குறை சொல்லக் கூடாது என்பது அந்தக் கடையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடமாம்.

ராஜரத்தினம் அண்ணாச்சி என்றால் அங்கே பட்டுப் பிரிவில் இவரை எல்லாருக்கும் தெரியும். காலையில் வந்து நின்றால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டியதுதான். சாப்பிடும்போது மட்டும் பெஞ்சு. முட்டி இரண்டும் தேய்ந்து மடங்காமல் போனதும், "ஓய்வெடுங்க அண்ணாச்சி" என்று மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். மாலையோடு ஒரு வேட்டி. கரையில் நூல் பிரிந்திருந்தது. அதையும் நல்ல வேட்டி என்றார்.

மந்தைவெளியில் நாங்கள் குடியிருப்பது முதல் மாடி. தலைக்கு மேலே மொட்டைமாடி. அங்கே கீரை போட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. தரையில் குந்த முடியாதே. ஒரு சணல் கயிற்றைத் தரையிலிருந்து இடுப்புவரை பிடித்து முடிச்சுப் போட்டார்.

"இது நம்ம கடைக் கவுண்டர் உயரம். இந்த உயரத்துல மண்ணு இருந்தா, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டே வேலை பார்க்கலாம். உட்கார்ந்துக்கிட்டே!"

தண்ணீர் பிடிக்கிற நீல டிரம்மை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரும்பு ஸ்டாண்டின்மேல் படுக்க வைப்பது அவர் யோசனை. உளுத்துப்போகாது. வடிகிற தண்ணீரைக் குழாய் வைத்து வெளியே விடலாம். செங்கல் அடுக்கினால் பாரம் என்று ஒதுக்கிவிட்டார். வாங்குவதற்கு முன்னால் ஹவுஸ் ஓனர் தாரணியிடம் கேட்டோம். கீழ்வீட்டில்தான் இருக்கிறார், சின்ன வயசுப் பெண்.

"டிரம்மா? ஐயோ சார், பார்க்க நல்லாவா இருக்கும்? மரத்துல பண்ணுங்க. நானும் நாலு பூச்செடி வைப்பேன். எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு, வாங்க."

இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல் விற்கும் பழைய மரக்கடை அது. கடைக்காரர் கலீமுல்லா இரண்டு விதப் பலகை காட்டினார். ஒன்று பழைய தேக்கு. கறுத்துப்போய், ஆணி ஓட்டைகளோடு இருந்தது. இன்னொன்று துறைமுகத்தில் சரக்கு வந்த பெட்டிகளைப் பிரித்தெடுத்தது. வெளுப்பாக, வழவழவென்று இருந்தது. தாரணியின் கண் அதன்மேலேயே இருந்தது.

"நீங்க சொல்லுங்க சார், எது நல்லது?"

அவர் வெளுத்த பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார், முந்தானையைத் தேய்த்துப் பார்ப்பதுபோல. நகம் உள்ளே இறங்கியதை நான் பார்த்தேன். முழங்கையில் கிள்ளி, "சொல்லுங்களேன்" என்றேன்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்மா. உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

ஜவுளிக்கடைப் பேச்சைக் கண்டுகொண்டு கலீமுல்லா சிரித்துவிட்டார். "இன்னா நைனா, பலகைக் கடையில வந்து பொடவை விக்கிற?"

தாரணியும் சிரித்தார். வெளுத்த பலகை வண்டியேறியது.

தச்சர் வந்த அன்று இவர் முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்து நீட்டினார். "அவ்ளோ உயரமா? சுவர் மாதிரி மறைக்கும் சார். பாதி போதும்" என்றார் தாரணி. இவர் "சரிங்கம்மா" என்று கயிற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாத்தி முழங்கால் உயரத்துக்கு வந்தது. கவுண்டர் உயரத்துக்கென்று வாங்கிய ஸ்டூலில் உட்கார்ந்தால் கை மண்ணுக்கு எட்டவில்லை. மணையில் உட்கார முட்டி மடங்கவில்லை. விதை தூவியதும் களை பிடுங்கியதும் நான்தான். அவர் தண்ணீர் டியூபைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கடையில் நின்ற மாதிரியேதான், கொஞ்ச நேரம் இந்தக் காலில் பாரம், கொஞ்ச நேரம் அந்தக் காலில்.

ஐப்பசி மழையில் பலகை ஊறி வயிறு தள்ளிக்கொண்டு பிளந்தது. மண் ஓடி வடிகுழாயை அடைத்தது. மாடியில் தேங்கிய தண்ணீர் எங்கள் படுக்கையறைக்குள் ஒழுகியது. தாரணி குடையோடு வந்து பார்த்தார்.

"என்ன சார் இது? உங்களைக் கேட்டுத்தானே வாங்கினேன்? நீங்கதானே நல்லா இருக்கும்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா" என்றார்.

தாரணி இறங்கிப் போனபிறகு கேட்டேன். "உளுத்த பலகைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னவாம்?"

"எடுக்க வந்தவங்க முகம் சுருங்கக் கூடாதுல்லா."

"உங்க முகம் சுருங்கினா?"

அவர் நனைந்த சாக்கை நாலாக மடித்து, ஓரம் சரிபார்த்து, சுவரோரம் வைத்தார்.

இப்போது மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டாயிற்று. சாவி தாரணியிடம் இருக்கிறது. துணியை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறேன். கட்டிலுக்கு நேர் மேலே ஈரக்கறை அப்படியே இருக்கிறது. ஸ்டூல்மேல் அரிசி டின்னை வைத்திருக்கிறேன். அவர் நின்றுகொண்டுதான் காபி குடிக்கிறார்.