ரப்பர் குழாயின் மறுமுனை

பட்டறை மேஜையில் இரண்டு மேனிஃபோல்டுகள் கிடந்தன. கார்புரேட்டரில் கலந்து வரும் காற்றையும் பெட்ரோலையும் எஞ்சினின் நான்கு சிலிண்டருக்கும் பங்குபோட்டுக் கொடுக்கிற அலுமினிய உறுப்புக்கு அந்தப் பெயர். ஒன்று ஒற்றைக் கார்புரேட்டருக்கானது, கைகள் நீளம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தெரிந்த ஃபவுண்டரியில் நானே அச்சு செய்து கொடுத்து வார்த்தது. மற்றது இரட்டைக் கார்புரேட்டருக்கானது, கைகள் குட்டை, வாய் அகலம். புதுப்பேட்டையில் பிரித்துப் போட்டிருந்த ஒரு ரேஸ் வண்டியிலிருந்து மச்சான் கழற்றிக்கொண்டு வந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு பொங்கல் சமயம் அது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் சீக்கிரமே ரேஸ். எங்கள் பழைய ஃபியட்டுக்கு இரண்டில் எதைப் பூட்டுவது என்று நான் சொல்ல வேண்டும்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் வேலை. வண்டி அவனுடையது, ஓட்டுவதும் அவன்தான். எஞ்சின் மட்டும் என் பொறுப்பு. என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில்தான் அது உருவானது. சாதாரணமாக இந்த மாதிரி முடிவை நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன். அந்த முறை நாள் கணக்கில் இழுத்தடித்தேன். காரணம் நேர் ரோட்டு வேகமும் அல்ல, வளைவில் கிடைக்கிற இழுவையும் அல்ல. என் காது.

பகலில் எனக்கு எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் வேலை. தகடு வெட்டும் சத்தத்தில் எங்கள் ஷாப்பில் யாரும் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. வெளியே வந்தாலும் அதே தொண்டைதான். நாங்கள் டீ கேட்டால் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். இப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவன் செவிடாகிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும்? அவனுக்கே தெரியாது. ஊரில் எவனும் முன்னைப்போல வாயைத் திறந்து பேசுவதில்லை, எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று நான் வெகுநாள் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாதா கோயிலில்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்தார். பூசைக்கு உதவி செய்கிற கோயில்பிள்ளை சின்ன மணியை எடுத்து ஆட்டினார். கை ஆடுவது தெரிந்தது, மணி ஆடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. மணியின் நாக்கு அறுந்துவிட்டது போலிருக்கிறது, பங்குக் கோயிலில் இதைக்கூடக் கவனிக்க ஆளில்லையா என்று கோபம் வந்தது. பார்த்தால் என்னைத் தவிர எல்லோரும் மணிச் சத்தத்துக்குத் தலைகுனிந்திருந்தார்கள். பிறகு தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். மெல்லிய, கூரான சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது என்றார். அவரையும் இரண்டு முறை கத்திச் சொல்ல வைத்தேன்.

ஒற்றைக் கார்புரேட்டர் என்றால் சமாளித்துவிடலாம். பிளக்கின் நிறத்தைப் பார்த்து, எஞ்சின்மேல் கைவைத்து நடுக்கத்தைப் பார்த்து ஒப்பேற்றிவிடலாம். இரட்டை அப்படியல்ல. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, உள்ளே போகிற காற்றின் 'உஸ்' சத்தத்தை மாறி மாறிக் கேட்டு, திருகைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். நான் பேர் வாங்கியதே அதில்தான். பூந்தமல்லியிலிருந்தெல்லாம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் காதுக்காகக் காத்திருப்பார்கள். அது போய்விட்டால் நான் தகடு வெட்டுகிறவன், அவ்வளவுதான். அதனால் மறைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், இருந்தாலும் மறைத்தேன்.

"ரெட்டையப் போட்டுடு மாமா. நேர் ரோட்ல பறந்துகினு போவும்" என்றான் மச்சான்.

"பறக்கும். வளைவாண்ட வந்து படுத்துக்கும். ஒத்தையப் போட்டாதான்டா கீழ் வேகத்துல இழுவ இருக்கும். வளைஞ்சு எழும்பும்போது சும்மா புடிச்சு இழுக்கும்."

சொன்னது அத்தனையும் நியாயமான பேச்சு. சொன்ன காரணம்தான் பொய்.

"போன வருசம் நீ இன்னா சொன்ன? ரெட்டை மட்டும் கெடச்சா ஒருத்தனும் நம்மாண்ட நிக்க முடியாதுன்ன. அலைஞ்சு திரிஞ்சு கொண்டாந்தா இப்ப வேற பேசற. இன்னா மாமா, பயந்துகினியா?"

"எவன்டா பயந்தான்? எட்றா ஸ்பேனர!" என்றேன். என் வாழ்க்கையில் பாதி முடிவுகள் கோபம் எடுத்தவைதான். அன்றைக்கு எடுத்ததும் அப்படியே. இரட்டையைப் பூட்டினேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் எஞ்சினை ஓடவிட்டுக் குழாயைக் காதில் வைத்தேன். எஞ்சினின் தடதடப்பு மட்டும் எங்கோ தொலைவில் கேட்டது. உஸ் இல்லை. முன் கார்புரேட்டரில் இல்லை, பின்னதிலும் இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அதுவரை பிறரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான். பக்கத்து வீட்டுக்காரன் எவனாவது எட்டிப் பார்ப்பானோ என்று உன்னிப்பாகக் கேட்பவன்போல முகத்தை வைத்துக்கொண்டு, குருட்டாம்போக்கில் திருகைத் திருப்பினேன்.

தோளில் கை விழுந்தது. மனைவி.

"அந்தக் கொழாய இப்டிக் குடுங்க."

"உனக்கு இன்னா தெரியும் இதுல?"

"காது கேக்கும். அது போதாதா?"

அவள் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அடுப்பாண்டயிருந்து உங்களக் கூப்புட்டு எத்தினி நாளாவுது? வந்து தோளத் தொட்டுதான கூப்புடறேன். அதுகூடவா தெரியல?" அழுகை வந்தது எனக்கு. பெட்ரோல் ஆவி கண்ணில் பட்டது என்றேன்.

குழாயை அவள் காதில் வைத்துக்கொண்டாள். முன்னாலிருப்பது சோறு பொங்குவதுபோல, பின்னாலிருப்பது பால் காய்வதுபோல என்றாள். நான் திருப்பினேன், அவள் கேட்டாள். இன்னும் கொஞ்சம் என்று விரலை அசைத்தாள், போதும் என்று கையைக் காட்டினாள். "இப்ப ரெண்டும் ஒண்ணாப் பொங்குது." மச்சான் வந்து பூந்தமல்லி ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டான். காது உனக்கு ஆண்டவன் குடுத்தது மாமா என்றான். அவன் அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சோழவரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் ஓட்டுகிறவனும் மெக்கானிக்கும்தான் நிற்கலாம். கூட வந்த மனைவியை மூங்கில் தடுப்புக்கு அப்பால் ஜனங்களோடு நிறுத்திவிட்டார்கள். ஒத்திகை ஓட்டம் முடிந்து வந்த மச்சான், ஒரு பக்கம் திணறுகிறது என்றான். இரண்டு கார்புரேட்டரையும் சேர்த்து இழுக்கிற கம்பியில் நட்டு தளர்ந்திருந்தது. முறுக்கினேன். இனி மறுபடியும் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும், காதால். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனை தலைகளில் அவள் எங்கே என்று தெரியவில்லை.

குழாயின் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயோரத்தில் செருகினேன், ஒரு முனையைக் காதில் வைத்தேன், திருகைத் திருப்பினேன். எஞ்சினைப் பார்க்கவில்லை. மச்சான் நம்புகிறானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, சரியாகிவிட்டது என்று தலையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தான். நானும் பார்த்தேன். எஞ்சின் நடுக்கத்தில் மறுமுனை எப்போதோ நழுவி, என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் குனிந்து அந்த முனையை எடுத்துக் கார்புரேட்டரில் வைத்தான். இன்னொரு முனையை என் கையிலிருந்து வாங்கித் தன் காதில் வைத்தான். அவனுக்கு அந்த வேலை பழக்கமில்லை. நேரமும் இல்லை. கொடி காட்டினார்கள். திணறிக்கொண்டே எல்லாச் சுற்றும் ஓடி, கடைசிக்கு முந்தியவனாக வந்தான். என் எதிரே கார்கள் வாயசைப்பதுபோல ஓடின.

அடுத்த வாரமே வண்டி நகரத்துக்குள் வேறொரு மெக்கானிக்கிடம் போனது. அதில் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்பதும் உண்மை. வேறு மெக்கானிக்கிடம் போவதை அவன் முதலில் சொன்னது ரேஸ் நடந்த அன்று சாயங்காலம் வேனில்தான் என்று நினைக்கிறேன். வண்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பினோம். அவன் ஓட்டினான், மனைவி நடுவில், நான் ஜன்னலோரம். சாலையைப் பார்த்தபடியே அவன் வெகுநேரம் பேசினான். அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொல்றான்?" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். "செங்குன்றத்துல நிறுத்தி டீ குடிக்கலாமான்னு கேக்குறான்."

குடிக்கலாம் என்றேன். செங்குன்றம் வந்தது. டீக்கடைகள் வரிசையாக வந்தன, போயின. வேன் நிற்கவில்லை.