ஸ்போர்ட்ஸ் கார், லைட்டா ஆல்ட்ரேஷன்

காரை வாங்குவதற்கு முன்பே நான் கையுறை வாங்கிவிட்டேன். தோல் கையுறை. விரல் நுனிகள் வெளியே தெரியும்படி வெட்டி, புறங்கைப் பக்கம் சிறு சிறு ஓட்டைகள் போட்டது. ராஜபாளையம் வெயிலுக்குச் சட்டையே அதிகப்படி. அந்த ஊரில், ஐம்பதைத் தாண்டிய, வழுக்கையும் சர்க்கரையும் உள்ள ஒருவன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கையுறையோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, இல்லாத ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்துப் பார்த்தான் என்பதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும். கதவைச் சாத்தினேனே தவிர ஜன்னலை மறந்துவிட்டேன்.

நான் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஓய்வு நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். கார் ஆசை எனக்குப் பழைய பேப்பர் கடையிலிருந்து வந்தது. எடைக்குப் போட்டிருந்த வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளைக் கல்லூரி நாளிலேயே அள்ளிக்கொண்டு வருவேன். அதில் இரண்டே இருக்கை, கூரை கிடையாது, நீண்ட பானட், கம்பிச் சக்கரம் என்று ஒரு இங்கிலீஷ் கார். அதைப் பற்றி அச்சில் வந்த எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். கார்புரேட்டரில் என்ன கோளாறு வரும், மழை பெய்தால் எந்த ஒயர் சுணங்கும், எல்லாம் தெரியும். காரைத்தான் பார்த்ததில்லை.

போன மாதம் யாரோ அனுப்பி, யாரோ மாற்றி அனுப்பி, என் போனுக்கு அதன் படம் வந்தது. சிவப்பு நிறம். முன்பக்கம் மட்டும் தெரிந்தது. கீழே, 'கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார். ராஜபாளையத்து மில் முதலாளி வீட்டு வண்டி. லைட்டா ஆல்ட்ரேஷன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நேரில் வந்து பார்க்கவும்.' பெண் பார்க்க ஒரு பக்கக் கன்னம் மட்டும் தெரிகிற போட்டோ கொடுத்தால் நாலு வீட்டில் விசாரிப்போம். எனக்கு அந்த விவேகம் வரவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனேன்.

மனைவி படத்தைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, வீட்டுக் கடன் தீர்ந்துவிட்டது, மறுப்பதற்கு வைத்திருந்த காரணங்கள் அவள் கைவசம் தீர்ந்துபோயிருந்தன.

"போய்ப் பாருங்க, புடிச்சா வாங்குங்க. ஆனா இந்த ஒரு வண்டிதான். இது சரியில்லைன்னா, இனிமே இந்த வீட்டுல கார்ப் பேச்சே வரக்கூடாது. படம் பாக்கக்கூடாது. பெருமூச்சு விடக்கூடாது."

சரி என்றேன். முப்பது வருட ஆசைக்கு ஒரே ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்திருக்கிறாள், அதுவும் ஒரு வழிப் பயணத்துக்கு. அன்றைக்குத்தான் கையுறை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டில் ஏற்கெனவே இருக்கிற சாதாரணக் காரை எடுக்காமல் பஸ்ஸில் போனேன். திரும்பும்போது இரண்டு காரை ஒருவனே ஓட்டிக்கொண்டு வர முடியாது அல்லவா. சட்டைப்பையில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தம். பழைய கார் பார்க்கப் போகிறவன் காந்தம் கொண்டுபோக வேண்டும், தகரம் இருக்கிற இடத்தில் ஒட்டும், தகரம் அரித்துப் பட்டி போட்டு நிரப்பிய இடத்தில் ஒட்டாது என்று படித்திருந்தேன். எங்கள் வீட்டுக் காந்தம் மாம்பழ வடிவத்தில் இருக்கும். வேறு இல்லை.

விற்கிறவர் பந்தல், சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மீசைக்கு நன்றாகச் சாயம் பூசியிருந்தார். ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய ஷெட். பக்கத்தில் எங்கேயோ பால் சுண்டுகிற வாசனை. அண்டாக்களுக்கும் அடுக்கிய நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு தார்ப்பாய். முன்பக்கத்தை மட்டும் விலக்கிக் காட்டினார்.

அதே பானட், அதே வட்ட விளக்குகள். என் நெஞ்சு ஒரு தடவை தப்பி அடித்தது. இதை ஒளிக்க விரும்பவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னமும் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் நன்றி இருக்கிறது. மிச்ச நேரத்துக்கெல்லாம் கோபம்தான்.

மிச்சத் தார்ப்பாயையும் உருவினார்.

காரின் பின்பாதியில் ஒரு சோபா இருந்தது. உவமை இல்லை, சோபாவேதான். சிவப்பு ரெக்ஸினில் பொத்தான் வைத்துத் தைத்து, இரண்டு கைப்பிடிகளிலும் பொன்வண்ணச் சிங்கத்தலை. அதை வைப்பதற்காகக் காரின் முதுகை அறுத்து, இரும்புச் சட்டம் பற்றவைத்து, ஓர் ஆள் மார்பு உயரத்துக்குத் தூக்கியிருந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைக் காணவில்லை. அந்த இடத்தில் ஜெனரேட்டர் வைக்க ஒரு கூண்டு. கம்பிச் சக்கரத்துக்குப் பதில் ஜீப் சக்கரம். உடம்பெல்லாம் சீரியல் செட் மாட்டக் கொக்கி. கதவில் காந்தத்தை வைத்தேன். மாம்பழம் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. வைத்த இடத்திலெல்லாம் விழுந்தது. எங்கள் கம்பெனியின் மொத்தக் கட்டுத்துணியும் இந்த உடம்புக்குப் போதாது.

"இதுக்குப் பேரு லைட்டாவா?" என்றேன்.

"முன்னாடி ஒண்ணுமே தொடலையே அண்ணாச்சி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது மாப்பிள்ளை அழைப்புக் கார். அவருடைய அப்பா ஒரு காலத்தில் மில் முதலாளி வீட்டிலிருந்து வாங்கி, மாப்பிள்ளையும் பெண்ணும் தெருவுக்கே தெரியும்படி உயரமாக உட்கார்ந்து வரட்டும் என்று இப்படிச் செய்திருக்கிறார். இந்த வட்டாரத்தில் இதில் ஊர்வலம் போகாத குடும்பம் குறைவு என்றார் பெருமையாக. இப்போது ஏன் விற்கிறீர்கள் என்றேன். மாப்பிள்ளைகள் ஜேசிபி வாளியில் நின்றுகொண்டு வருகிறார்களாம். இதைக் கேட்பார் இல்லையாம்.

பானட்டைத் தூக்கச் சொன்னேன். உள்ளே லோடு வேனின் டீசல் என்ஜின் ஒன்று, கூடாத இடத்தில் படுத்துக்கிடக்கிற எருமை மாதிரி திணிந்து கிடந்தது. நான் முப்பது வருடமாகப் படித்து வைத்திருந்த கார்புரேட்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மின்விசிறிகள்.

"பழைய என்ஜின்?"

"கான்சாபுரத்துல எங்க தென்னந்தோப்புக் கெணத்துக்கு மாட்டியிருந்தோம். தண்ணி நல்லா எடுத்துச்சு அண்ணாச்சி. பொறவு அதுவும் மக்கர் பண்ணவும் இரும்புக்குப் போட்டாச்சு."

பந்தயச் சாலைகளில் உறுமுவதற்காக யாரோ ராத்திரி பகலாக உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்த என்ஜின். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறது. நல்லா எடுத்துச்சாம்.

நம்மிடம் ஒரு நல்ல பொருள் அகப்பட்டால் அதை அதுவாக இருக்க விடமாட்டோம். கருங்கல் தூணைக் கண்டால் பச்சை ஆயில் பெயின்ட் அடிப்போம். தேக்குக் கதவைக் கண்டால் தகரம் அடிப்போம். காற்றோட்டமாக ஒரு முற்றம் இருந்தால் அதற்கு மேலே ஷீட் போட்டு, ஒரு டியூப் லைட்டும் மாட்டி, வீடு இருட்டாக இருக்கிறது என்று குறைப்படுவோம். இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஷீட் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள் என்றார்.

அப்படியே திரும்பி நடந்திருக்க வேண்டும். கால் வரவில்லை. இதை வேண்டாம் என்று சொன்னால் ஆயுசுக்கும் வேண்டாம் என்று சொன்ன மாதிரி. சோபாவைக் கழற்றிவிடலாம், முதுகை மறுபடி கட்டலாம், எப்படியும் ஓடுகிறதே, ஓடுகிற காரை மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்று மனசு எனக்கே புரோக்கர் வேலை பார்க்க ஆரம்பித்தது. ராஜபாளையம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். ரத வீதியிலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாமே என்றார். மெயின் ரோடுதான் என்று பிடிவாதமாக நின்றேன். வெறியில் கையுறையையும் மாட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் இருக்கை இல்லாததால் அவர் பின்னால் ஏறிச் சோபாவில் உட்கார்ந்தார். என் தலைக்கு மேலே, இரண்டு சிங்கத்தலைகளுக்கு நடுவே அவர். கீழே நான்.

மடவார்விளாகம் தாண்டி ரோடு அகலமானதும் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தேன். என்ஜின் பெருங்கூச்சல் போட்டது. கார் நடந்தது. இரண்டாவது கியர் போட்டேன், நடந்தது. மூன்றாவதும் போட்டேன். சத்தத்தின் ராகம் மாறியதே தவிர, ஓரமாகப் போன சைக்கிள்காரரை எங்களால் எட்ட முடியவில்லை. அவர் கேரியரில் புல்லுக்கட்டு வேறு. பின்னால் ஒரு சிமெண்ட் லாரி, அதற்குப் பின்னால் டவுன் பஸ், அதற்குப் பின்னால் எனக்குத் தெரியாத ஒரு நீளத்துக்கு ஹாரன். ஒருவழியாக ஒதுங்கி முந்திய பஸ்ஸின் படியிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏலே, பொண்ண எங்கடா விட்டுட்டு வாரீங்க?" என்றார். டீக்கடையில் நின்ற ஓர் அம்மா மேலே இருந்தவரின் மீசையைப் பார்த்துவிட்டு, ரெண்டாங் கல்யாணமா என்று விசாரித்தாள். மேலே இருந்தவர் தெரிந்த முகங்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். பழக்கதோஷம்.

ஆண்டாள் தேரைக்கூட ஆள் சேர்ந்து இழுத்தால் இதைவிட வேகமாக வரும். வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டு இறங்கினேன். காது சூடாக இருந்தது. வாடகைப் பாத்திரக்காரரைப் பார்த்துப் பேச வேண்டியதையெல்லாம் பேசினேன். மோசடி என்றேன். ஸ்போர்ட்ஸ் கார் என்று எழுதுவதற்குக் கை கூசவில்லையா என்றேன். அவர் சோபாவிலிருந்து இறங்காமலே விளக்கம் சொன்னார்.

ஊர்வலம் நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் போகும். தவில்காரர் நின்று தனி வாசித்தால் காரும் நிற்கும். நாலு தெரு சுற்றுவதற்குள் கிளட்ச்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டு, ஒவ்வொரு முகூர்த்த மாதமும் கிளட்ச் பிளேட் கருகிப் போயிருக்கிறது. அப்பா ராஜபாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், வயல் உழுகிற பவர் டில்லரின் பல்சக்கரப் பெட்டியை நடுவில் கோத்து, எந்தக் கியர் போட்டாலும் தவிலை முந்தாதபடி செய்து வாங்கி வந்துவிட்டார். அதற்குப் பிறகு கிளட்ச் மாற்றவே இல்லையாம்.

வேகமாகப் போவதற்கென்றே பிறந்த ஒன்றைப் பிடித்து, வேகமாகப் போகவே முடியாதபடி செய்ய இவ்வளவு மூளை செலவழிந்திருக்கிறது. அந்த மூளையை நினைக்க நினைக்கத்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முட்டாள்தனமாகக் கெடுத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"உங்கப்பா பண்ணினது கொலை," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. பிறகு மேலிருந்தபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எங்கப்பா ஒரு மாப்ளயக்கூட நடுத்தெருவுல எறக்கிவிட்டதில்ல அண்ணாச்சி. ஒங்களுக்கு வேகமாப் போகணும்னா ஒரு பைக்க வாங்கிட்டுப் போங்க. எம் வண்டியக் கொற சொல்லாதீய."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. வேண்டாம் என்றேன். சொல்லும்போதே, எதை வேண்டாம் என்கிறேன் என்பது தெரிந்தது. பத்திரிகைகள், படங்கள், பெருமூச்சு, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த ஒரு சொல்லில் போட்டேன். அவர் கீழே இறங்கி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, வண்டியைத் திருப்ப ஆரம்பித்தார். அது திரும்பி முடிப்பதற்குள் எனக்குப் பஸ் வந்துவிட்டது.

வீட்டில் மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் கொட்டினேன். சோபா, சிங்கத்தலை, தென்னந்தோப்பு, பவர் டில்லர். தமிழ்நாட்டின் அழகுணர்ச்சி, லேத் பட்டறைகளின் எதிர்காலம் என்றெல்லாம்கூடப் போய்விட்டேன் என்று நினைக்கிறேன். வெண்டைக்காய் முடிந்து வெங்காயம் வந்தது. அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிக் கேட்டுக்கொள்ளவும் ஒருத்தி இருக்கிறாளே என்று எனக்கே கொஞ்சம் ஆறுதலாகிவிட்டது.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, மொத்தத்தில் அது எம்புட்டு வேகம் போகும் என்று கேட்டாள்.

நடக்கிற வேகம், அதற்கு மேல் ஓர் அடி கிடையாது என்றேன்.

"இதுக்கா வேண்டாம்னுட்டு வந்தீங்க? நம்ம கார நீங்க எந்தக் காலத்துல மூணாவது கியர்ல ஓட்டியிருக்கீங்க?"