முப்பதாம் நாள் கொடுத்த நாவல் கன்றுகள்

ஆரோக்கியமேரி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் புதுவயலில் ஒரு கொய்யாத் தோட்டத்தில் நின்றிருந்தேன். "நெஞ்சு வலின்னா தம்பி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தான் தாங்குச்சு" என்றார் அவர் கணவர், போனில். அக்கா தனியாக வைத்திருந்த நாவல் கன்றுகளை இனி யார் பார்ப்பார்கள் என்பதே எனக்கு முதலில் தோன்றியது.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கு, சாக்கோட்டைப் பக்கம் அவர் நடத்திய நாற்றுப்பண்ணையும் தெரியும். பயிர்நோய் படித்த நான் அங்கே நோய் பார்க்கப் போவேன். "வாங்க இலை டாக்டரே! இன்னைக்கு எந்தப் புள்ளைக்கு ஊசி?" என்று வேலையாட்கள் முன்னாலேயே கிண்டல் செய்வார்.

இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு மதியம், வெளியூரிலிருந்து வந்த நாற்பது நாவல் கன்றுகளில் ஒன்றின் கொழுந்தைத் திருப்பிக் காட்டினார். அடியில் மஞ்சள் தூள். துரு நோய் என்னும் பூஞ்சை. நிலக்கடலையிலும் மல்லிகையிலும் பார்த்திருக்கிறேன், நாவலில் பார்த்ததே இல்லை. அந்தத் தூள் காற்றிலும் போகும், சட்டையிலும் போகும். நான் சந்தேகப்படும் இனமாக இருந்தால் கொய்யாவுக்கும் தைலமரத்துக்கும் தாவும்.

"எரிச்சுருவோம் தம்பி. இப்பவே."

"இலையை அனுப்புறேன், ஆய்வக முடிவு வரட்டும்க்கா. ஆதாரம் இல்லாம எரிச்சா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"வீடு தீப்பிடிச்சா சர்ட்டிபிகேட் வாங்கிட்டுத்தான் தண்ணி ஊத்துவீகளோ?"

நான் விடவில்லை. கன்றுகளை வீட்டுக் கொல்லையில் பச்சை வலைக்குள் தனியாக வைத்தார். மருந்து அடித்ததில் தூள் அடங்கியது, நோய் சாகவில்லை. வெளியே தெரிந்தால் பண்ணை படுத்துவிடும் என்று வீட்டாரிடம்கூடச் சொல்லவில்லை.

அவர் இறந்த பிறகு, துக்க வீட்டில் நோய்ப் பேச்சு வேண்டாம் என்று நானும் தள்ளிப்போட்டேன். முப்பதாம் நாள் நினைவுப் பூசைக்குத் தாமதமாகப் போனேன். மாதா கோயில் வாசலில் எல்லார் கையிலும் நாவல் கன்று.

"அவ தனியா வலை கட்டி வளத்தது தம்பி. ஆசையா வச்சிருந்தா. ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டோம்" என்றார் கணவர், கண்ணைத் துடைத்தபடி.

அங்கேயே கத்தியிருக்க வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மறுநாள் அக்கா கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். குன்றக்குடிச் சாலையில் ஒரு அம்மா மறித்தார். "செத்தவுக நெனப்பாக் குடுத்ததப் பிடுங்கச் சொல்றீகளே, நல்லாவா இருப்பீக?" அவர் அதை நட்டிருந்தது ஒரு பெரிய நாவல் மரத்தடியில். கொழுந்தைத் திருப்பினேன். மஞ்சள். அண்ணாந்து பார்க்கப் பயமாக இருந்தது.

நாற்பது கன்றுகள் போயின. பதினாறுதான் திரும்பியிருக்கின்றன. ஆய்வக முடிவு இன்னும் வரவில்லை. அக்காவைத் தெரிந்தவர்களே, அந்தக் கன்று உங்களிடம் இருந்தால் உலுக்காதீர்கள். கன்றின் மேல் ஒரு பையைக் கவிழ்த்துக் கட்டிப் பிடுங்கி, அங்கேயே எரித்துவிடுங்கள். போட்டிருந்த துணியை வெந்நீரில் துவையுங்கள். பாவம் என்று தயங்க வேண்டாம். அவரே எரிக்கச் சொன்ன கன்று அது.

அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது, அந்த மதியம் அவர் முகத்தில் இருந்த பயம். அதை அன்றே வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.