வலது கன்னத்தின் படம்

பக்கவாதம் வந்ததில் என் கணவருக்கு வலது கை விழுந்துவிட்டது. வலது கன்னத்திலும் உணர்ச்சி இல்லை. சைகோனில், டான் சோன் நாட் விமான நிலையத்துக்கு அருகே ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர். இப்போது ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் களைத்துவிடுவார். ஊருக்கே வந்துவிடுங்கள் என்றார்கள் உறவினர்கள். சிகிச்சையைப் பாதியில் விட மனமில்லாமல் சைகோனிலேயே இருந்துவிட்டோம்.

எங்களுக்குள் தினமும் சண்டை வந்தது பல் தேய்க்கும்போதுதான். சாப்பிட்ட சோறு கன்னத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும், அவருக்குத் தெரியாது. நான் விரல் விட்டு எடுக்கப்போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ஒண்ணும்... இல்ல. விடு."

"இருக்குங்க. எனக்குத் தெரியுது."

"நான் என்ன... குழந்தையா?"

ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. பென் தான் என்ற சந்தைக்குப் பக்கத்தில் இருந்த பல் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கடைவாய்ப் பல் ஒன்றைக் காப்பாற்ற முடியாமல் மருத்துவர் பிடுங்கினார். அந்தப் புண் ஆறியதும், பற்களைச் சுத்தம் செய்யும் இளம்பெண் ஒருத்தியிடம் எங்களை அனுப்பினார்.

எனக்குத் தெரிந்த வியட்நாமிய மொழி காய்கறி வாங்கத்தான் போதும். அவர் வாயைப் பார்த்துவிட்டு அவள் தன் கைபேசியிடம் பேசினாள், அது தமிழில் சொன்னது: "உங்கள் கன்னத்தில் அரிசி வசித்து வருகிறது."

என் கணவர் சிரித்துவிட்டார். நோய் வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பேனா அளவே இருந்த கேமராவை அவர் வாய்க்குள் வைத்து, எதிரே இருந்த திரையைக் காட்டினாள். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே காலையில் தின்ற சோறு அப்படியே இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னது... நிஜந்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு அவள் கேள்விகளையெல்லாம் அவரிடமே கேட்டாள். "சூ" என்று, சித்தப்பாவைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தாள். எந்த நேரத்தில் தெம்பாக இருப்பீர்கள்? நின்று தேய்க்க முடிகிறதா? ராத்திரியில் சோர்ந்துபோகிறார் என்று தெரிந்ததும், நன்றாகத் தேய்ப்பதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து, முதலில் இடது கை விரலால் கன்னத்தைத் துழாவ வேண்டும். கைப்பிடி தடித்த மின்சார பிரஷ் ஒன்றையும் வாங்கவைத்தாள். அழுத்தித் தேய்த்தால் அதில் சிவப்பு விளக்கு எரியும்.

முதல் வாரம் சட்டையெல்லாம் பேஸ்ட். அவர் விடவில்லை.

மூன்று மாதம் கழித்துப் போனபோது பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஈறு வீக்கம் வடிந்திருந்தது. ரத்தமும் இல்லை. திரும்பும் வழியில் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் இறங்கி, அவளுக்காகவும் ஊதுபத்தி ஏற்றினேன்.

இப்போதெல்லாம் மதியம் சாப்பிட்டதும் அவரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். நான் வெளியே உட்கார்ந்து, ஆறுவதற்குள் என் காபியைக் குடித்து முடிக்கிறேன்.